சுடலைமுத்து மெடிக்கல் போர்டுக்கு நடந்து வந்த கதை

டாக்டர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அவர் எழுதப்போகும் ஒரே வரியில்தான் சுடலைமுத்து வீட்டுக்குப் போவதா, உள்ளேயே சாவதா என்பது இருந்தது.

தொண்ணூறுகளில் நெல்லைச் சீமையில் ஒரு சிறையில் நல அலுவலராக இருந்தேன். தீராத நோயுள்ள வயதான ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலை மனு தயாரிப்பது என் வேலை. 'இவரால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது' என்று மெடிக்கல் போர்டு எழுதித் தந்தால்தான் மனு மெட்ராஸுக்கே போகும். சுடலைமுத்து பாபநாசம் பக்கத்துக்காரர், எழுபத்து மூன்று வயது. இதயம் வீங்கிப் போய், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குவார்.

தப்பு என்னுடையது. முந்தின நாள் அவர் அடைபட்டிருந்த பிளாக்குக்குப் போய், "பெரியவரே, நாளைக்குப் பெரிய டாக்டர்மாரு வாராவ. ஒழுங்கா நடந்துக்கிடும்" என்று சொல்லித் தொலைத்தேன். பதினாலு வருஷமாக வாராவாரம் சூப்பிரண்டு முன்னால் வரிசையில் நின்று "கொறை ஒண்ணுமில்லய்யா" என்று சொல்லிப் பழகியவர். ஒழுங்கு என்றால் அவருக்கு அதுதான். முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக வந்து நின்றார்.

"எப்படி இருக்கீரு?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்கேன்யா. கொறை ஒண்ணுமில்ல."

"ஒம்ம சோலியெல்லாம் நீரே பாத்துக்கிடுதீரா?"

"பாத்துக்கிடுதேன்யா."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "கல்லுக்குண்டு மாதிரில்லா இருக்காரு! எதுக்கு வே எங்கள வரச் சொன்னீரு?" என்றார்.

பெரியவரைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது. "சார், அவரு திரும்பிப் போறதப் பாத்துட்டு எழுதுங்க சார்!" என்று கத்தியே விட்டேன். டாக்டர் எரிச்சலோடு எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

சுடலைமுத்து வாசல் வரை விறைப்பாகவே போனார். படி இறங்கியதும் அப்படியே மடங்கினார். அங்கே காத்திருந்த பிளாக் கைதிகள் இரண்டு பேர் கைகளைக் கோத்து, அதில் அவரை உட்கார வைத்துத் தூக்கினார்கள். டாக்டர் விடுவிடுவென்று வெளியே போனார்.

"எத்தன நாளா இப்படித் தூக்குதிய?"

"ஆடி மாசத்துலேர்ந்துய்யா. குளிக்க, கக்கூசுக்கு எல்லாம் நாங்கதான்."

டாக்டர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவருடைய நாடியைப் பார்த்தார். அப்புறம் எழுதினார். நான் கேட்டிருந்ததைவிட அழுத்தமாகவே எழுதினார்.

மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்த அன்று, சிறைக்குள் ஓடக்கூடாது என்பதையே மறந்து ஓடினேன். "பெரியவரே, வீட்டுக்குப் போவலாம்!" பிளாக்கே எழுந்து கூச்சல் போட்டது. அதட்ட வேண்டிய வார்டரும் சேர்ந்து கைதட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த இரண்டு பேரும் உள்கேட் வரைதான் தூக்கி வரலாம். அங்கே அவர் மகனும் மருமகனும் நின்றார்கள். "வெரலப் பிடிச்சா வழுக்கிரும் அண்ணாச்சி, மணிக்கட்டப் பிடிங்க" என்று சொல்லிக் கொடுத்து, பைய கைமாற்றி விட்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். அதன்பின் எந்த வயதான கைதிக்கும் அவர் சொன்னதை மட்டும் வைத்து நான் மனு எழுதியதில்லை. பக்கத்துப் பாயில் படுப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பேன்.