படிக்கட்டுக் கூட்டமும் கணக்கு வாத்தியாரும்

பி.டி. டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டு பீரியடு கணக்கு வாத்தியாரின் தலையில் வந்து விழுந்தது.

"அந்த நேரம் உங்களுக்குச் சும்மாதானே சார் இருக்கு? பசங்க மண்டைய உடைச்சுக்காம பாத்துக்கிட்டா போதும்," என்றார் தலைமையாசிரியை.

வாத்தியார் தலையாட்டி வைத்தார். விளையாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதிலேயே பந்து தன்னை நோக்கி வந்தால் மரியாதையாக விலகி வழிவிட்டவர் அவர். இப்போது ஐம்பதை நெருங்கும்போது உடம்பும் கனத்துவிட்டது. மாடி வகுப்புக்கு ஏறும்போது பாதியில் நின்று, அங்கிருக்கும் அறிவிப்புப் பலகையை ஏதோ தலைபோகிற சேதி இருப்பதுபோல வாசிப்பார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாதல்லவா! மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் பார்வையோடு நிறுத்திக்கொள்கிறார்.

முதல் நாள் கையில் விடைத்தாள் கட்டோடுதான் மைதானத்துக்குப் போனார். பந்தாடுகிறவர்கள் அவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். மைதானத்தைப் பார்த்த படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் மட்டும் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு வயிற்று வலி. ஒருவனுக்குக் கால் சுளுக்கு. மூச்சிரைப்பு உள்ள ஒருவன், இன்ஹேலரைச் சட்டைப் பையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தான். வாத்தியாருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தொந்தரவு இல்லாத பிள்ளைகள். அவர்களுக்கு மேல்படியில் உட்கார்ந்து தாள் திருத்த ஆரம்பித்தார்.

இப்படியே சில வாரங்கள் ஓடின. வயிற்று வலிக்காரி மட்டும் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தாள். வகுப்பில் அவளைப் 'பஞ்சு' என்று கூப்பிடுவார்கள். பருமனான பெண், கணக்கில் கெட்டி. அதெப்படி ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரத்துக்கு வயிறு வலிக்கும்?

"ஏம்மா, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

பஞ்சு பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வலியெல்லாம் இல்ல சார். ஓடினா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஒரு தடவ ஓடினப்ப பின்னாடி டம் டம்முனு சத்தம் குடுத்தாங்க," என்றாள்.

வாத்தியாரின் சிவப்புப் பேனா தாளின் மேலேயே நின்றுவிட்டது. தெருவில் இறங்கி நடக்க அவர் ஏன் தயங்கினார் என்பதை இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம். தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட விஷயத்தை இந்தப் பெண் இரண்டே வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டாள்.

தாள் கட்டை ஓரமாக வைத்தார். "சரி, எங்கூட வா. நான் பக்கத்துல நடந்தா உன்ன ஒரு பய பாக்க மாட்டான். எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க."

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சார் போறோம்?" என்றான் இன்ஹேலர்காரன்.

"கட்டடத்துக்குப் பின்னாடி. விசில் கிடையாது, போட்டி கிடையாது. மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். முதல்ல நிக்கப்போறது நானாத்தான் இருக்கும்."

சொன்னபடியே ஆயிற்று. சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, ஆய்வுக்கூட ஜன்னல்களை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிவரை போவதற்குள் வாத்தியாருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. இன்ஹேலர்காரன், "மூக்கு வழியா இழுத்து, வாய் வழியா மெதுவா விடுங்க சார்," என்று அனுபவஸ்தனாக வழி சொன்னான். வாத்தியார் சொன்ன பேச்சைக் கேட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு விளையாட்டு பீரியடும் நடைதான். நடந்துகொண்டே வீட்டுக் கதை, சினிமாக் கதை, யார் யாரோடு பேசுவதில்லை என்ற கதை எல்லாம் பேசினார்கள். கணக்கைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்று பஞ்சு சட்டம் போட்டாள். தொட்டியோடு நின்ற நடை, மெல்லக் கட்டடத்தையே சுற்றி வருகிற அளவுக்கு நீண்டது.

ஒருநாள் அப்படிச் சுற்றி மைதானத்துப் பக்கம் வந்தபோது பின்னால் வெடிச்சிரிப்பு கேட்டது. வாத்தியார் திரும்பினார். பந்தாடும் பையன் ஒருவன் புத்தகப் பையைச் சட்டைக்குள் திணித்து வயிறாக்கிக்கொண்டு, அவரைப் போலவே கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தான். அவர் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. வாத்தியார் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார்.

அடுத்த விளையாட்டு பீரியடுக்கு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. திருத்தி முடித்த தாள்களையே மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் நிழலாடியது. பஞ்சு நின்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டுக் கூட்டம் மொத்தமும் நின்றது.

"சார், நேரமாச்சு."

"இன்னைக்கு நீங்க போங்கம்மா. எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சு."

"அது என்னோட டயலாக் சார்," என்றான் பின்னாலிருந்து சுளுக்குக்காரன்.

"வயித்து வலின்னும் சொல்லாதீங்க. அது என்னோடது," என்றாள் பஞ்சு. பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு அவன் உங்கள மாதிரி நடந்தப்ப எனக்கும் அழுகையா வந்துச்சு சார். இனிமே வரவே கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க வந்தா நானும் வருவேன்."

மேசையில் குனிந்து தாள்களை அடுக்குவதுபோல வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியராக வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பிள்ளைகளிடம் 'எழுந்து நில்' என்று சொல்லியிருக்கிறார். அவரை எழுப்ப வந்தவர்கள் இவர்கள்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும் வழியில், கேலி செய்த பையன் ஓரமாக வந்து "ஸாரி சார்" என்று முணுமுணுத்தான். "பையில இன்னும் ரெண்டு புத்தகம் வெச்சிருக்கணும்டா, அளவு சரியா வரல," என்று அவன் முதுகில் தட்டிவிட்டு நடந்தார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். தொட்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது திடுதிப்பென்று கொட்டித் தீர்த்தது. எல்லோரும் சைக்கிள் கொட்டகையை நோக்கி விழுந்தடித்து ஓடினார்கள். வாத்தியாரும் பின்னாலேயே ஓடினார். கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்து தலையைத் துவட்டும்போதுதான் பார்த்தார், எல்லோருக்கும் முன்பே பஞ்சு அங்கே நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது.

"சார்... நான் ஓடினேன்ல?"

"ஓடினியாவா? குதிரை மாதிரி வந்தியேம்மா!"

"யாரு பாத்தாங்கன்னே கவனிக்கல சார்," என்றாள், தன் காலையே அதிசயமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு.

பி.டி. டீச்சர் திரும்பி வந்த அன்று, காலியாகக் கிடந்த படிக்கட்டைப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் லீவா?" என்று கேட்டார். அதற்குள் கூட்டம் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எதிரே வந்தது. நடையும் ஓட்டமுமாக இருந்தது இப்போது. கயிறு தாண்டக் கேட்கிற அளவுக்கு அவர்களுக்குத் தைரியமும் வந்திருந்தது.

"விசில் ஊதி ஊதி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க என்ன சார் செஞ்சீங்க?" என்றார் டீச்சர்.

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்ததாகத் தோன்றவில்லை. "கூட நடந்தேன் டீச்சர். அவ்வளவுதான். அதுவும் பாதி நாள் அவங்கதான் என்ன இழுத்துட்டுப் போனாங்க."

அன்றைக்கே பீரியடு டீச்சர் கைக்குப் போய்விட்டது. மணி அடிப்பதற்கு முன் வாத்தியார் பிள்ளைகளைக் கொட்டகை நிழலில் நிறுத்தினார். "நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கூப்பினார். பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தாங்களும் கூப்பினார்கள்.

நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த நேரம் எனக்கு இப்பவும் சும்மாதான் இருக்கு. டீச்சருக்கு ஆட்சேபணை இல்லன்னா, நானும் மைதானத்துக்குப் போய்க்கறேன்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா சார் கேக்குறீங்க?"

"ஆமா மேடம்," என்றார் வாத்தியார், மூச்சு வாங்காமல்.