நாலரைக் கட்டை

என் சித்தி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஆர்கன் வாசிப்பாள். அவர்கள் பாட்டுக் குழுவில் மூன்றே பேர்: சித்தி, டிரம் அடிக்கும் சித்தப்பா, பாடகர்.

பாடகருக்கு 'ஆறு கட்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆர்கனின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆறாவதில் சுருதி வைத்துப் பாடுவார். ஆண் குரலுக்கு அது பெரிய உயரம். அதை ஒரு தடவையாவது சொல்லாமல் அவர் எந்த வீட்டிலும் டீ குடித்ததில்லை.

ஆர்கன் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், மூடப்போன ஒரு நடனக்கூடத்தில் சித்தி வாங்கியது. வேறு நாட்டில் செய்தது. பீரோவைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மோட்டார் தொண்ணூறு சின்னச் சக்கரங்களைச் சுற்றும். அந்தச் சுழற்சிதான் சுரமாக வெளியே வரும். சித்தி வாசிக்கக் கற்றுக்கொண்டதே அதில்தான். வேறு எதையும் தொட்டதில்லை.

போன மாதம் அதை வேனில் ஏற்றும்போது ஒரு மூலை தரையில் இடித்தது. பதிமூன்று கட்டைகள் ஊமையாகிவிட்டன. அதே வாரம் புது அரங்கம் ஒன்று கிடைத்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"இந்த யானையை மாடிக்கு ஏத்த முடியாதும்மா," என்றார் பாடகர். "வாத்தியத்தை ரெக்கார்டு பண்ணச் சொல்லி, அந்த டிராக்கைப் போட்டு நான் பாடிக்கிறேன். நீ முன் வரிசையில உக்காந்து கை தட்டு."

"கை தட்ட வேற ஆளைப் பாருங்கண்ணே. எனக்கு ஒரு வாரம் குடுங்க."

அந்த ஒரு வாரத்தில் அவள் தனியாகத் தூக்கக்கூடிய, ஆர்கன் மாதிரியே ஒலிக்கும் ஒரு கீபோர்டு கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் குழுவில் அவளுக்கு இடமில்லை.

வாத்தியக் கடைக்கு நானும் போனேன். சித்தி மூன்று கீபோர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறி இறங்கினாள். கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சித்தி கண்ணை மூடி வாசித்தாள். வாசித்த வேகத்தில் கையை எடுத்தாள்.

"என்னம்மா இது, கீச்சுக் கீச்சுன்னு கத்துது?"

"இது நல்லா ஓடுற மாடல்க்கா."

அடுத்ததும் கத்தியது. மூன்றாவதும் கத்தியது. மூன்றும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சித்தி கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை எடுத்தாள். வீட்டு ஆர்கனின் ஆறாவது கட்டையை மட்டும் அழுத்திப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

"இது ஒண்ணு," என்று பதிவை ஓட விட்டாள். "இது ரெண்டு," என்று கீபோர்டின் ஆறாவது கட்டையை அழுத்தினாள். இரண்டும் ஒட்டவே இல்லை. அரை அரையாகக் கீழே இறங்கினாள். மூன்றாவது இறக்கத்தில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்த கறுப்புக் கட்டையில், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

கடைக்காரப் பெண்ணின் சிரிப்பு நின்றது. "அக்கா, உங்க ஆர்கன் எந்த நாட்டுது? பின்னாடி தகடு இருக்கும், பாக்கச் சொல்லுங்க."

சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். அவர் சுவருக்கும் ஆர்கனுக்கும் நடுவே தலையை விட்டுப் படித்தார். "நூத்திப் பதினேழு வோல்ட்டு. அப்புறம் அறுபதுன்னு என்னமோ போட்டிருக்கு."

"அது செகண்டுக்கு அறுபது தடவை அதிர்ற கரண்டுக்குச் செஞ்சது. இங்க அம்பது தடவைதான் அதிரும்," என்றாள் அந்தப் பெண். "வோல்ட்டை மாத்த ஒரு பெட்டி வச்சிருப்பீங்க. அதிர்வை அந்தப் பெட்டி மாத்தாதுக்கா. மோட்டார் இத்தனை வருஷமா மெதுவாத்தான் சுத்தியிருக்கு."

மெதுவாகச் சுற்றினால் சுரமும் கீழே போகும். கூட இருந்ததோ டிரம்மும் ஒரு குரலும்தான். காட்டிக்கொடுக்க இன்னொரு வாத்தியம் இல்லை. சித்தி அந்தக் கறுப்புக் கட்டையை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "அப்போ அண்ணன் பாடுறது நாலரைக் கட்டையா?" என்றாள். முகத்தில் வருத்தம் இல்லை, சரியான கண்ணாடி எண் கிடைத்தவளின் முகம் அது.

அதன் பிறகு தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. மூன்றிலும் சுரத்தை இறக்கும் பட்டன் இருந்தது. மூன்று படி இறக்கி, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். இரண்டு கீபோர்டுகள் மறந்துவிட்டு உயரத்துக்கே போய்விட்டன. ஒன்று மட்டும் நினைவு வைத்திருந்தது. பதினோரு கிலோ. அதையே வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சித்தி முதலில் எதையும் இறக்காமல் வாசித்தாள். பாடகர் இரண்டாவது வரியிலேயே இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் இருமினார். சித்தி பட்டனை மூன்று தரம் தட்டினாள். குரல் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

பாட்டு முடிந்ததும் சித்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தப்போகிறார் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டிராக் எல்லாத்தையும் ஆறு கட்டையிலதான் செய்யச் சொன்னேன். நாலு நாளா பாடிப் பாக்குறேன். யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. தொண்டை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்மா. டாக்டரைப் பாக்க நாள்கூட வாங்கிட்டேன்."

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லண்ணே. எண்ணிக்கைதான் தப்பு."

சித்தப்பா டிரம்மின் மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாடகர் அவரை முறைத்துவிட்டு, சித்தியின் பக்கம் திரும்பினார். "டிராக் வேணாம். நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடும்மா."

சனிக்கிழமை சித்தி கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐம்பத்தெட்டுப் படி ஏறினாள். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். பாடகர் கை நீட்டினார்.

"குடும்மா, நான் தூக்குறேன்."

"வேணாம்ணே. நீங்க மூச்சைப் பாட்டுக்கு வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.