சைக்கிள் அடியில் ஏழு எண்கள்

பக்கத்து அறையில் தொட்டியின் இரைச்சல் மாறியிருந்தது.

குளியலறையில் பாதி முகம் சோப்பு நுரையோடு நின்ற துருக்காரர் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். சைக்கிள் சட்டம் முழுவதும் குமிழி கிளம்பினால் சடசடவென்று பொரிகிற மாதிரி ஓசை வரும். இப்போது கேட்டதோ ஒரே மூலையிலிருந்து வரும் முனகல். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் பேட்டரி கொட்டகையில் வேலை பார்த்த காது அது. இரும்புத் தகடுகளையும் காரத் தண்ணீரையும் தவிர அவருக்கு வேறு உலகம் தெரியாது. காரம் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போனது. கொட்டகையை மூடிய பிறகு, ஒரு பழைய சார்ஜரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தொட்டியில் சலவைச் சோடாவைக் கரைத்து, மின்சாரம் விட்டு, ஊர்ச் சாமான்களின் துருவை எடுத்துக் கொடுத்தார். தெரு அவருடைய பெயரையே மறந்து, துருக்காரர் என்றே கூப்பிட்டது. "இந்த வீட்டுக்கு வர்றதெல்லாம் துருப்பிடிச்சதுதான், என்னைக் கட்டிக்கிட்டவரையும் சேர்த்து" என்பாள் மனைவி.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன் அவரோடு சண்டை போட்டுவிட்டு சைக்கிளில் போன அவர் மகன் திரும்பவே இல்லை. போன வாரம் குளத்தை வற்ற வைத்தபோது சேற்றுக்குள் கிடைத்தது இந்தச் சட்டம். மிதிகட்டை அச்சு பொருந்தும் குழாயின் அடியில் ஏழு எண்கள் பொறித்திருக்கும். அவை தெரிந்தால்தான் அது யாருடையது என்று சொல்ல முடியும் என்றது போலீஸ். வாங்கிய ரசீதை டிரைவர் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்துத் துருக்காரரும் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

நேற்று மாலை துரு கொஞ்சம் விலகி, முதல் மூன்று எண்கள் எட்டிப் பார்த்தன. மூன்றும் ஒத்துப்போயின. துருக்காரர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மீதி நான்கையும் பார்த்துவிடலாம் என்று காலையில் மறுபடி மின்சாரம் விட்டுவிட்டுச் சோடா வாங்கப் போனார். வந்து சவரம் செய்யத் தொடங்கும்போது மதியமாகிவிட்டது.

தொட்டிக்குள் குனிந்து பார்த்தவர் சட்டென்று சுவிட்சை அணைத்தார். இரண்டு கிளிப்புகளும் இடம் மாறியிருந்தன. சட்டத்துக்குப் பதிலாக அரிபடட்டும் என்று அவர் தொங்கவிட்டிருந்த பழைய இரும்புத் தகடு தப்பிவிட்டது. அதன் இடத்தில் சட்டம் அரிபட்டுக்கொண்டிருந்தது.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தாங்க" என்றாள் மனைவி. "தண்ணி கசிஞ்சு தரையெல்லாம் நனைஞ்சுது. சுவிட்சை அணைச்சுட்டு, கிளிப்பைக் கழட்டித் துடைச்சுட்டு மாட்டினேன். சிவப்பு நூல் கட்டின கிளிப்பு முக்கியமான பொருளுக்குத்தானே?"

சிவப்பு எப்போதும் பழைய தகட்டுக்குத்தான் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவளுக்கு அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா?

சட்டத்தைத் தூக்கினார். வெறும் காரத் தண்ணீரில் இரும்பு தன் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். அந்த நப்பாசையில்தான் அடிப்பக்கத்தைத் துடைத்தார். ஆனால் குளத்துச் சேற்றின் உப்பு அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்திருந்தது. அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. ஒரு எண்கூட இல்லை.

கதவு தட்டும் சத்தம். டிரைவர் வேலைச் சட்டையோடு நின்றார்.

"என்னண்ணே, பாதிச் சவரத்துல நிக்கிறீங்க? எண் தெரிஞ்சுதா?"

மனைவி வாயெடுப்பதற்குள் துருக்காரர் முந்திக்கொண்டார். "வயரை மாத்தி மாட்டிட்டேன் தம்பி. எல்லாம் அரிச்சுப் போச்சு. என் தப்புதான்."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடிப்பார், கத்துவார் என்று துருக்காரர் காத்திருந்தார்.

"ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

"நேத்து முதல் மூணு தெரிஞ்சுது..."

"சொல்லாதீங்கண்ணே!" டிரைவர் கையை உயர்த்தித் தடுத்தார். "சொன்னீங்கன்னா என் மூஞ்சியைப் பார்த்தே என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சுடுவா. டியூட்டின்னு சொல்லிட்டு நான் சினிமாவுக்குப் போனதையெல்லாம் வாசல்லயே பிடிச்சவ அவ. சைக்கிள் மணி கேட்டா இன்னும் அடுப்பை விட்டுட்டு ஓடுறா. தெரியலைன்னு சொன்னா பொய் இல்லையே?"

"மூணு ஒத்துப்போனது மட்டும் போதாது தம்பி, ஏழும் ஒத்துப்போகணும்" என்றார் துருக்காரர். சொல்லி முடித்ததும்தான் தன் நாக்கு செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒத்துச்சு."

துருக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாது. நீங்களே வெச்சுக்கோங்கண்ணே." டிரைவர் எழுந்தார். நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்று முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொண்டார், வீட்டுக்குப் போய்க் காட்ட வேண்டிய முகம் அது. பிறகு படியிறங்கிப் போனார்.

துருக்காரர் கதவைச் சாத்தினார்.