வெள்ளிக்கிழமைக்கு ஆகாத கிண்ணம்

இலங்கை மலைநாட்டின் எல்ல நகரில் ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கிண்ணத்தின் அடியில் அந்த நீல மீன்களைப் பார்த்ததும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவின் விறகுப்புகையும் கஞ்சி வாசமும் மூக்கில் ஏறிவிட்டன.

அப்பா தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரர். விளிம்பு உடைந்ததென்று துரைசாணி கழித்த சீனக் கிண்ணம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளியே சுற்றிலும் சங்கு, சக்கரம், தாமரை. உள்ளே அடியில் இரண்டு மீன். பிள்ளைகள் ஐந்து பேருக்கும் முறைவைத்துத்தான் அது கிடைக்கும். தகரத்தில் மழை இரைய, முறை வந்தவர் கஞ்சியை உறிஞ்ச உறிஞ்ச, முதலில் வால், பிறகு செதில், கடைசியில் கண் என்று மீன்கள் வெளிப்படுவதை மற்ற நால்வரும் கோப்பையும் கையுமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா அதைத் தொடவிடமாட்டார். ஒருமுறை என் முறை வெள்ளியில் விழுந்து நான் அழுதபோது, அத்தை எனக்காகப் பேசினார்.

"சங்கு சக்கரமெல்லாம் இருக்குல்ல அண்ணி, சாமி கிண்ணந்தானே?"

"வெளியதான் சாமி. உள்ள மீனுல்ல கெடக்கு. விரத நாள்ல கவிச்சி ஆகாது."

லயம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா விடுதி. கிண்ணம் எங்கே போனதென்று எங்கள் ஐவருக்கும் ஞாபகமில்லை.

கடைக்காரர், அவை எல்லாமே புத்த சமயத்து மங்கலச் சின்னங்கள், மீன்களும்தான் என்று விளக்கி, கிண்ணத்தை எடுத்து நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்றேன். படியிறங்கும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. இன்று வெள்ளிக்கிழமை.