அப்பா மறித்த ஸ்டிரெச்சர்

பிள்ளைகளா, என் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து, யாரோடு சண்டை போட்டீர்கள் அப்பா என்று கேட்டீர்கள் அல்லவா? சண்டைதான். எங்கப்பாவோடு, பேசாமலே போட்ட சண்டை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இருமினால் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். ஒருநாள் போக மறுத்து நெடுநேரம் வலித்தது. அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கொடைக்கானலுக்கு ஏறினார். குடலிறக்கம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். குடல் ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அறுத்துத் தைத்துவிட வேண்டும் என்றார்கள். அறுக்கிற டாக்டர் மதுரையிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலைக்கு வருவார். அன்றைக்கே மத்தியானம் இறங்கிவிடுவார்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் சிஸ்டர் வந்து, இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். நாட்டு வைத்தியம் பார்த்ததைச் சொன்னால் ஏச்சு விழும் என்று எல்லோரும் மறைப்பார்கள். அப்பா மடியிலிருந்த சூரணப் பொட்டலத்தையே எடுத்து நீட்டிவிட்டார். பழனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது பிடிக்கவில்லை.

"ஏலே, நேத்து வச்ச மொளகு ரசத்தையும் சொல்லிரு. எழுதிக்கிறட்டும்" என்றாள்.

சிஸ்டர் சூரணத்தின் பெயரை எழுதிக்கொண்டு, இனி அதைக் கொடுக்க வேண்டாம் என்றார். ராத்திரிக்கு மேல் சோறோ பாலோ கூடாது, விடிந்தபின் தண்ணீரும் கூடாது என்று சொல்லிப் போனார்.

ஒன்பது வயசுப் பையனைப் பட்டினி போடுவது லேசுப்பட்ட சோலியா? அப்பா ஒரு தந்திரம் செய்தார். இது முருகனுக்கு விரதம், நானும் உன்னோடு இருக்கிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இட்லி தின்றபோது அவரைப் பார்த்து இரக்கப்பட்டேன்.

ஆனால் விரதம் என்றால் அதை முடிக்கவும் ஒரு முறை உண்டே. வெள்ளனே அப்பா முகம் கழுவப் போன நேரத்தில், அத்தை பழனியிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பஞ்சாமிர்தத்தை வழித்து என் வாயில் ஊட்டினாள். நல்ல பெரிய கவளம். பிரசாதம் வாங்கினால் விரதம் கெடாது, நிறையும். எங்கள் வீட்டில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான், ஏதாவது சாப்பிட்டாயா என்று சிஸ்டர் கேட்டபோது மனசாரவே இல்லை என்றேன். அத்தையும் ஆமாம் போட்டாள்.

ஸ்டிரெச்சர் நகர்ந்தது. ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் அப்பா குனிந்து என் நெற்றியில் திருநீறு பூசி, பயமாக் கெடக்கா என்று கேட்டார். இல்லை என்று வாயைத் திறந்தேன். ஏலக்காய், பச்சைக்கற்பூர வாசனை அவர் முகத்தில் அடித்திருக்க வேண்டும். அன்றைக்கு விட்டால் இன்னும் பதினைந்து நாள். அதற்குள் குடல் சிக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். ஸ்டிரெச்சரின் இரும்புக் கம்பியை எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

"சிஸ்டரம்மா, பய பஞ்சாமிர்தம் தின்னுருக்கான்."

அத்தை அழுதுவிட்டாள். "சாமி பிரசாதம்லே அது. சோறா?"

சிஸ்டர் ஏசவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரசாதம் நல்லதுதாம்மா. ஆனா வயித்துக்கு அது தெரியாதே. மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்கொழாய்க்குள்ள போயிரும். அப்புறம் புள்ளைய எழுப்ப முடியாது."

டாக்டர் அன்று என்னைத் தொடாமலே இறங்கிப் போனார்.

என் விரதத்தைக் காட்டிக்கொடுத்தவரோடு எனக்கு என்ன பேச்சு? பதினைந்து நாளும் அவரிடம் வாய் திறக்கவில்லை. என்னை ஆஸ்பத்திரியிலேயே, கட்டிலைவிட்டு இறக்காமல் வைத்திருந்தார்கள். அப்பா மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிவிட்டு வெரசா ஓடிவருவார். வந்ததும் போர்வையை விலக்கிப் புடைப்பைப் பார்ப்பார். அதன்பிறகுதான் மூச்சு விடுவார்.

இரண்டாம் தடவை அத்தையே எனக்குக் காவல். என் பக்கம் ஒரு ஈயை அண்டவிடவில்லை. அப்பா மறுபடியும் என்னோடு பட்டினி கிடந்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

தையல் பிரித்த அன்று பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷனுக்கு வந்த ஒரு சிறுமி. சிஸ்டர் அவள் அம்மாவிடம், சோறு, தண்ணீர், மருந்து என்று கேட்டுக்கொண்டே வந்து, "பிரசாதம்?" என்றும் கேட்டார். அந்த அம்மா திடுக்கிட்டு, கையிலிருந்த தேங்காய்ச் சில்லை மடிக்குள் ஒளித்தாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பா எங்கள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மெதுவாக வராந்தாவுக்கு நடந்தேன். அந்த ஸ்டிரெச்சர் காலியாக நின்றது. நெற்றித் திருநீற்றை விரலால் தொட்டு, அப்பா பிடித்த அதே இடத்தில் கம்பியில் பூசினேன். இனிமேல் இதை யாரும் பாதி வழியில் மறிக்கக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டேன்.