சாலையோரம் அடித்த சம்மட்டி

மண்ணைச் சோதிக்கும் கம்பெனியில் அவருக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதிர்வை அளக்கும் இருபத்து நான்கு உணரிகளை வரிசையாகத் தரையில் குத்திவிட்டு, இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். அதிர்வு வேகமாக ஓடினால் கெட்டித் தரை, நொண்டியடித்தால் இளகிய தரை. நிலநடுக்கத்தில் கட்டடம் எவ்வளவு ஆடும், தூண் எவ்வளவு பருமன் வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். இருபது வருட அனுபவம். மனிதருக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு மனைக்குப் போனார்கள். நடுவில் முழங்கால் வரை சேறு.

"ஓரமா பழைய பாதை இருக்கே, அங்கயே போட்டுடுவோம். எல்லாம் ஒரே மனைதானே," என்றார்.

வருடக்கணக்கில் லாரி ஓடி இறுகிப்போன பாதை அது. அதிர்வு குதிரையாக ஓடியது. கெட்டித் தரை என்று அறிக்கை போனது. வரைபடத்தில் மட்டும், உணரிகள் குத்திய கோடு மனைக்கு நடுவில் போனதாகப் போட்டுவைத்தார்.

இப்போது அங்கே மூன்று மாடி எழும்பிவிட்டது, இன்னும் ஐந்து வரவேண்டும். இரண்டாவது மாடியில் தன் சொந்த அக்காவே வீடு வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரம் பார்த்துக் கருவியோடு போனார். கட்டடத்தை ஒட்டி, கார் நிறுத்துவதற்காக விட்டிருந்த இடத்தில் உணரிகளைக் குத்தினார். அலமாரிக்கு அளவெடுக்க டேப்போடு வந்திருந்த அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அசையாம நில்லுக்கா. நீ கால மாத்தி வெச்சாக்கூட இதுல விழும்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு முறை அடித்தார். ஆறு முறையும் அதிர்வு நொண்டியடித்தது.

"என்னடா சொல்லுது?"

மென்று முழுங்கிப் பார்த்தார், முடியவில்லை. சேறு, பாதை, வரைபடத்தில் போட்ட பொய்க்கோடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நாளைக்கே இன்ஜினியர்கிட்ட ஒத்துக்கறேன். வேலை போனாப் போகட்டும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுக்கா."

அக்கா டேப்பைச் சுருட்டினாள். மூன்று மாடியையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இங்க வீடு வாங்கலைன்னா?"

சேற்றுக்குப் பயந்து ஓரமாக அடித்த மனை இது ஒன்றுதானா என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் அவர் மனசு எண்ணத் தொடங்கிவிட்டது. முதலில் நினைவுக்கு வந்தது ஒரு பள்ளிக்கூடம்.