வரிசையில் எனக்கு முன்னால் குமரேசன் அண்ணன்

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தாலும், கூடவே தனியார் இன்ஷூரன்ஸ் ஒன்று வேண்டும் என்று எனக்குப் போதித்தவர் குமரேசன் அண்ணன். மண்ணூர்க்காரர். ஒரகடம் கம்பெனியில் என் லைன் லீடர். ஷிஃப்ட் முடிந்தால் பாலிசி ஏஜென்ட்.

"இ.எஸ்.ஐ.லயா பிரசவம் பாப்ப? இன்னாபா நீ, பொறக்கும்போதே புள்ளைய க்யூல நிக்க வைக்கப் போறியா?" என்று கேண்டீனில் எல்லார் எதிரிலும் கேட்டார். கூசிப்போனேன்.

"இதுல பிரசவம் வருமாண்ணே?"

"அல்லாம் வரும்பா. கையெழுத்தப் போடு."

போட்டேன்.

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். இன்று காலை பாலிசியோடு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் வாசித்துவிட்டு, "இதுல டெலிவரி கவர் ஆகாது சார்" என்றாள்.

அங்கிருந்து நேராக இ.எஸ்.ஐ. மருந்தகம். சீட்டு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் குமரேசன் அண்ணன். பெஞ்சில் அவர் மனைவி, நிறைமாதம்.

என்னைப் பார்த்ததும் அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

பாவம், அந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நகர்ந்து என் மனைவிக்கு இடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பிரசவம்னா இ.எஸ்.ஐ.தான்னு எங்க வூட்டுக்காரரு மொதல்லேந்தே இங்கதான் இட்டுனு வர்றாரு. உங்களுக்கு யாரும் சொல்லலியாம்மா?"

நாளை காலை ஷிஃப்டில் அவருக்கு வணக்கம் வைத்தாக வேண்டும். எந்தக் கையால் வைப்பது என்று யாராவது சொல்லுங்களேன். வலது கை ஏற்கெனவே அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது.